70 வளைவுகளுக்கு எத்தனை ஸ்பேனர்?

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்கு, அடிவாரமான காரவள்ளியிலிருந்து சோளக்காடு நோக்கி ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டிய இந்தப் பாதை, நான்குவழிச் சாலையில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் தலைகாட்டாத குறைகளை ஒரு மணி நேரத்தில் வெளியே இழுத்துவிடும் தன்மையுடையது: தேய்ந்த பிரேக் கட்டை, சோர்ந்த பேட்டரி, விளிம்பில் வெடிப்புவிட்ட டயர், கசியத் தொடங்கிய ரேடியேட்டர் குழாய் ஆகிய அனைத்தும் இங்கேதான் தம்மை அறிவித்துக்கொள்கின்றன. ஆகவே, நெடும்பயணம் புறப்படும் காரில் குறைந்தபட்சமாக எந்தெந்தக் கருவிகள் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தேட, கொல்லிமலைச் சாலையை உரைகல்லாகக் கொள்வது பொருத்தமாக இருக்கும்.

குறைந்தபட்சக் கருவித் தொகுப்பு என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனெனில் இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் அச்சத்திலிருந்து பிறந்து, எதுவெல்லாம் பழுதாகக்கூடும் என்று எண்ணி எண்ணி நீண்டு, இறுதியில் டிக்கியின் பாதியை அடைத்துக்கொள்கின்றன. பழுதை முற்றாக நீக்குவது சாலையோரத்தில் நிற்பவரின் வேலையன்று. அடுத்த பட்டறை வரை வண்டியைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பதே அவருடைய வேலை. அவ்வாறாயின் தொகுப்பின் அளவைத் தீர்மானிப்பது பயணத்தின் மொத்தத் தொலைவு அன்று, அந்தப் பயணத்தில் ஒரு மெக்கானிக்குக்கும் அடுத்த மெக்கானிக்குக்கும் இடையில் வரும் மிக நீண்ட இடைவெளியே ஆகும். சென்னையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர் வழியாகக் கொல்லிமலைக்கு வரும் ஒருவர் 400 கிலோமீட்டருக்கு நெருக்கமான தொலைவைக் கடந்தாலும், வழிநெடுகப் பஞ்சர் கடைகளும் ஒர்க்‌ஷாப்புகளும் இருப்பதால், அவர் உண்மையில் தன்னந்தனியாக இருப்பது கடைசி மலையேற்றத்தில் மட்டுமே. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில், தாண்டி என்னும் ஊரின் பெட்ரோல் நிலையத்தருகே அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர் தொலைவில் என்று அறிவித்த பலகை நெடுங்காலம் நின்றது. அந்தப் பாதைக்கான மூட்டையைத் தமிழ்நாட்டுப் பயணத்துக்குக் கட்டுவது வீண் சுமை.

இதில் கொல்லிமலைக்கு ஒரு தனிச் சலுகையும் உண்டு. மலையிலிருந்து இறங்கினால் காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாக வந்துசேரும் நாமக்கல், லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலுக்கும் டேங்கர், டிரெய்லர் போக்குவரத்துக்கும் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர்; அருகிலுள்ள சங்ககிரியும் லாரி ஊர்தான், திருச்செங்கோடோ ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் ஊர். இந்த வட்டாரத்தில் மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. காரில் இருக்கும் கருவிகள் கடக்க வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அதுவும் பெரும்பாலும் இறக்கம் என்பதே இங்குள்ள கணக்கு.

பழைய பட்டியல் ஏன் உதவாது

1950களின் இறுதியில் அறிமுகமாகி 2014ஆம் ஆண்டு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரின் டிக்கியில், அனுபவமுள்ள ஓட்டுநர் வைத்திருந்த பொருட்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. என்ஜினுக்குத் தீப்பொறியை நேரம் தவறாமல் அனுப்பும் காண்டாக்ட் பாயின்ட் என்னும் சிறு தகடுகள், அவற்றைத் தேய்த்துத் துலக்க உப்புத்தாள், கண்டன்சர், பிளக் ஸ்பேனர், ஒரு உபரி ஃபேன் பெல்ட், பேட்டரி கைவிட்டால் முன்புறம் செருகிச் சுற்ற ஹேண்டில் என அந்தத் தொகுப்பு அமைந்திருந்தது. அவற்றைக் கொண்டு அவர் சாலையோரத்திலேயே என்ஜினை மீட்டுவிடவும் முடிந்தது. கார்புரேட்டரும் காண்டாக்ட் பாயின்ட்டும் போய், எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் தெளிக்கும் முறை வந்த பிறகு, என்ஜின் பழுதாவது வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் பழுதானால் கையால் சரிசெய்யும் வாய்ப்பும் அதே அளவுக்குக் குறைந்திருக்கிறது. தந்தையின் கருவிப்பையை அப்படியே மகனின் புதிய காருக்கு மாற்றுவது பாசத்தின்பாற்பட்ட செயலே தவிர, அதிலிருந்து ஸ்பார்க் பிளக் ஸ்பேனர் வெளியே வரும் நாள் வருவது அரிது.

வரலாற்றின் முதல் நெடுந்தொலைவுக் கார் பயணமும் இந்தக் கேள்வியோடு தொடர்புடையது. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில், இரு மகன்களுடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவைக் கடந்தார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தம் தொப்பி ஊசியால் குத்தித் துப்புரவாக்கியதும், மேலுறை தேய்ந்த மின்கம்பியைக் காலுறைப் பட்டியால் சுற்றிக் காத்ததும் பலரும் அறிந்த செய்திகள். மலைச்சாலைக்குப் பொருத்தமான செய்தி வேறொன்று: இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துபோனபோது, வழியிலிருந்த செருப்புத் தைப்பவரிடம் அவற்றுக்குத் தோல் அடிக்கச் செய்துகொண்டார். ஊசியும் பட்டியும் அவர் கையிலிருந்தவை. பிரேக்குக்கு மட்டும் தொழில் தெரிந்தவரிடம்தான் போக வேண்டியிருந்தது. அந்தப் பிரிவினை இன்றும் மாறவில்லை.

எந்தக் கருவியும் உதவாத இடம்

கொல்லிமலையில் காருக்கு நேரக்கூடிய மிக மோசமான நிகழ்வு ஏறும்போது அல்ல, இறங்கும்போதே நேர்கிறது, அதற்கு டிக்கியில் எந்த மருந்தும் இல்லை. நான்கு பேருடன் 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 1.27 கோடி ஜூல், அதாவது மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அது முழுவதும் பிரேக்கின் வழியாக வெப்பமாக மாறினால், 40 லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இத்தனை வெப்பத்தை நான்கு சக்கரங்களிலுள்ள சிறு உலோகத் தட்டுகளும் உருளைகளும் வாங்கிக் காற்றில் கலக்க வேண்டியிருப்பதால், காலை பிரேக்கிலேயே வைத்து இறங்குபவரின் வண்டியில் முதலில் கருகல் வாடை எழுகிறது, பின்னர் உராய்வு குறைந்து பிரேக் பிடிப்பு மந்தமாகிறது, இறுதியில் பிரேக் எண்ணெய் கொதித்து அதில் ஆவிக் குமிழ்கள் தோன்றி, மிதித்தால் பெடல் எதிர்ப்பின்றி உள்ளே போய்விடுகிறது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால் அதன் வயது இங்கு முக்கியத்துவம் பெறுகிறது. டாட் 4 எனப்படும் தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை இருக்க வேண்டும் என்றும், ஈரம் ஏறிய நிலையில் அது 155 டிகிரிக்குக் குறையக்கூடாது என்றும் வரையறை உள்ளது. டாட் 3 தரத்துக்கு இந்த எண்கள் 205, 140 என இன்னும் தாழ்வானவை. சமவெளியில் ஒருபோதும் உணரப்படாத இந்த 75 டிகிரி வேறுபாடு, சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் வண்டியில் உயிருக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட தொலைவாகிவிடக்கூடும். எனவே மலைப் பயணத்துக்கான முதல் ‘கருவி’, புறப்படுவதற்கு முந்தைய வாரம் பட்டறையில் மாற்றப்படும் பிரேக் எண்ணெயே ஆகும். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கம்.

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று இப்பகுதி ஓட்டுநர்கள் சொல்லும் பழைய விதி இந்த ஆற்றல் கணக்கின் எளிய வடிவம்தான்: இரண்டாம் கியரில் இறங்கும்போது என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்வதால் வெப்பத்தின் பெரும்பங்கு பிரேக்குக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டிச் செல்வது என்ஜினின் இந்தப் பிடியை இழக்கச் செய்யும்; அதைவிடக் கேடாக என்ஜினை அணைத்து உருட்டுவது, பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிட விசையையும் ஸ்டியரிங்கின் உதவியையும் ஒருசேர இழக்கச் செய்யும். என்ஜின் அணைந்த பிறகு இரண்டு மூன்று முறை மிதிப்பதற்குள் அந்த வெற்றிடச் சேமிப்பு தீர்ந்துவிடும். நீலகிரியில் உதகைக்கும் மசினகுடிக்கும் இடையே 36 வளைவுகளுடன் செங்குத்தாக இறங்கும் கல்லட்டிச் சாலையில் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது இந்தக் காரணத்தால்தான்.

பிரேக்கோடு தொடர்புடையதாக டிக்கியில் வைக்கத்தக்க ஒரே பொருள், லாரிக் கிளீனர்கள் ‘கட்டை’ என்று அழைக்கும் சக்கரத் தடுப்பு. ஆப்பு வடிவில் சீவிய மரத்துண்டோ கெட்டி ரப்பரோ எதுவாயினும், இரண்டு கட்டைகள் இருந்தால் போதும். சரிவில் நிற்க நேர்ந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரில் போட்டு, பள்ளத்தை நோக்கிய பக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே மற்ற எதையும் தொட வேண்டும். சாலையோரக் கல்லை வைத்துச் சமாளிப்பதும், வேலை முடிந்ததும் அந்தக் கல்லை நடுச்சாலையிலேயே விட்டுப் போவதும் நம் மலைச்சாலைகளின் தீராத கேடுகளில் ஒன்று. பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டி விழுவது பல வேளைகளில் முன்னவர் விட்டுச்சென்ற கல்லில்தான்.

டயர்: பையின் பாதி

சாலையோரத்தில் ஒருவர் தம் கையாலேயே முழுமையாகத் தீர்த்துக்கொள்ளக்கூடிய பழுதுகளில் முதலிடம் டயருக்கே உரியது, ஆகவே கருவிகளின் எடையிலும் பாதி அதற்கே போய்ச் சேர்வது நியாயம். 2020ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், டியூப்லெஸ் டயரும், டயர் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பஞ்சர் பழுதுநீக்கும் தொகுப்பும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று தளர்வு அளித்தது. இதன் பிறகு ஸ்டெப்னி இன்றியே விற்கப்படும் கார்களும் வந்துவிட்டன. நகரத்துக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருக்கலாம். கொல்லிமலை போன்ற குறுகிய பாதையில், எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கும்போது டயரின் பக்கச்சுவர் விளிம்புக் கல்லில் உரசிக் கிழிவது நேரக்கூடியது, பக்கச்சுவர்க் கிழிசலை எந்தப் பஞ்சர் தொகுப்பாலும் அடைக்க முடியாது. எனவே ஸ்டெப்னி இல்லாத காரில் மலையேறுபவர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நலம். பல கார்களில் தரப்படும் சிறிய தற்காலிகச் சக்கரத்தை மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. மலையில் அந்த வேகத்துக்கு வாய்ப்பே இல்லை என்பது வேறு.

காரோடு தரப்படும் வீல் ஸ்பேனர் பெரும்பாலும் கையளவு நீளமுள்ள ஒரு வளைந்த கம்பி. இதை மட்டும் நம்பிப் புறப்படுவது சரியன்று என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. சிறிய கார்களின் சக்கர நட்டுகள் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கப்படுகின்றன, அதாவது 25 சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் 41 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இணையான விசை. பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கப்பட்ட நட்டு இதைப்போல் இரு மடங்கு இறுகியிருப்பதும் உண்டு, அப்போது ஸ்பேனரின் மேல் ஏறி நின்று குதிப்பதைத் தவிர வழியிருக்காது. இழுத்து நீட்டக்கூடிய அரை மீட்டர் ஸ்பேனர் ஒன்று இருந்தால் அதே நட்டுக்குப் பாதி விசையே போதும், உடல் வலிமை குறைந்தவரும் கழற்றிவிடலாம். மாருதி, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் 19 மில்லிமீட்டரும், ஹூண்டாய், டொயோட்டா கார்களில் 21 மில்லிமீட்டரும், ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் 17 மில்லிமீட்டரும் காணப்படுகின்றன என்றாலும், தம் காரின் அளவை வீட்டு வாசலிலேயே பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குவதே உத்தமம். அலாய் சக்கரத் திருட்டைத் தடுக்கப் பூட்டு நட்டு போட்டவர்கள் அதன் சாவியை வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு வருவது வாடிக்கையாக நடக்கும் வேடிக்கை.

காரோடு வரும் கத்தரி வடிவ ஜாக்கி போதுமானதே, அதற்கு மேல் ஹைட்ராலிக் ஜாக்கி தேவையில்லை. தேவைப்படுவது ஒரு சாண் சதுரத்தில் கனமான பலகைத் துண்டு. மழை பெய்து ஊறிய மலைமண்ணில் ஜாக்கியின் சிறு அடிப்பகுதி அமிழ்ந்து சாய்வதைத் தடுக்க அந்தப் பலகை ஒன்றே வழி. சரிவிலோ வளைவிலோ வண்டியைத் தூக்குவது கூடவே கூடாது; காற்றுப் போன டயரோடு மெதுவாக ஊர்ந்து சமதளமான அகன்ற இடத்தை அடைவதால் அந்த டயர் வீணாகக்கூடும் என்றாலும், டயரின் விலை அத்தகைய தருணத்தில் கணக்கில் வரக்கூடாத விலை. சமதளம் சேர்ந்ததும், சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, குறுக்கெதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, அதன் பிறகே ஜாக்கியைச் சுழற்ற வேண்டும். டிக்கியைத் திறந்து போட்டுவிட்டு முழங்காலிட்டிருப்பவரின் தின்பண்டப் பையைக் குரங்குகள் எடுத்துச் சென்றுவிடும் என்பதையும் இப்பாதையின் விதிகளில் ஒன்றாகச் சேர்க்கலாம்.

ஆணி குத்திய டியூப்லெஸ் டயருக்கு ஸ்டெப்னி வரை போக வேண்டியதில்லை. முன்சக்கரமாயின் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்தால் டயரின் ஓடுபரப்பு வெளியே தெரியும், ஜாக்கியே வேண்டாம். ஆணியைக் கண்டவுடன் பிடுங்கும் ஆவலை அடக்கிக்கொண்டு, பசைபூசிய ரப்பர் திரியை ஊசியின் காதில் பாதியளவு கோத்து ஆயத்தமாக வைத்த பிறகு, குறட்டால் ஆணியை இழுக்க வேண்டும், அது எந்தச் சாய்வில் உள்ளே சென்றிருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே. அதே சாய்வில் அரத்தைப் போன்ற முறுக்குக் கம்பியைச் செலுத்தி நான்கைந்து முறை மேலும் கீழும் இழுத்தால், ஓட்டையின் உட்சுவர் துப்புரவாகித் திரி பிடிக்கும் அளவுக்குச் சொரசொரப்பாகும், அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு இழைகளும் மழுங்கும். இந்தப் படியைத் தவிர்த்தால் எஃகு இழைகள் திரியை அறுத்துவிடும். பின் திரியை ஊன்றி, இரு முனைகளும் ஒரு விரற்கடை வெளியே நிற்கும்வரை உள்ளே தள்ளி, ஊசியை ஒரே வெட்டில் வெளியே இழுத்தால் திரி உள்ளே முடிச்சைப்போல் தங்கிவிடும். எஞ்சிய நுனியை வெட்டிவிட்டுக் காற்றடைத்து, பஞ்சர் கடைக்காரர் செய்வதைப் போலவே சிறிது எச்சிலைத் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்கலாம். இதை முதன்முதலாகக் கொல்லிமலையில் செய்து பார்ப்பது அறிவுடைமையாகாது. கைவிடப்பட்ட பழைய டயர் ஒன்றில், உள்ளூர்ப் பஞ்சர் கடையில், ஒரு மாலை நேரத்தில் பழகிக்கொண்டால் போதும்.

இதற்குத் துணையாக 12 வோல்ட் காற்றடைப்பான் ஒன்று வேண்டும். இக்கருவிகள் 10 முதல் 15 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கக்கூடியவை என்பதால், காரின் மின்செருகுவாயிலின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வதும், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைப் பயன்படுத்துவதும் நல்லது. மலைமேல் ஏறியதும் டயரின் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சிலர் கூறுவதற்கு இங்கு அடிப்படையில்லை. 1,000 மீட்டர் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி ஒன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதே வேளையில் ஆறேழு டிகிரி குளிர்வதால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும். மிஞ்சும் அரை பிஎஸ்ஐக்காக வால்வு மூடியைத் திருகுவது வேண்டாத வேலை. ஆனால் ஸ்டெப்னியின் காற்றைப் புறப்படும் முன் பார்க்காதவர், பஞ்சரான டயருக்குப் பதிலாக இன்னொரு பஞ்சரான டயரையே பூட்ட நேரிடும்.

மின்சாரமும் தண்ணீரும்

பேட்டரி செத்துப்போவதற்குப் பெரும்பாலும் மலை காரணமன்று. ஆகாய கங்கை அருவியைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஏறித் திரும்புவதற்குள், பனிமூட்டத்தில் போட்ட ஹெட்லைட்டை அணைக்க மறந்ததே காரணமாக இருக்கும். கையடக்க லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று இருந்தால் பிறர் வண்டியை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதைப் பயணத்துக்கு முந்தைய இரவு சார்ஜ் செய்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஜம்பர் கேபிளை நம்புபவர் அது கைவிரல் தடிமனுள்ள செம்புக் கம்பியா, வெறும் ரப்பர் உறையா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் நேர்முனையிலும் பிறகு நல்ல பேட்டரியின் நேர்முனையிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் எதிர்முனையிலும், கடைசிப் பிடியைச் செத்த வண்டியின் என்ஜினிலுள்ள வெற்று உலோகத்திலும் இணைப்பதே முறை, ஏனெனில் இறுதியில் எழும் தீப்பொறி பேட்டரியருகே எழக்கூடாது. இறக்கத்தில் உருட்டி இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டு ஸ்டார்ட் செய்யும் பழைய வழி, மேனுவல் கியர் கார்களில் பலிக்கும் என்றாலும், அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அதை முயலாதிருப்பதே நன்று.

பல வேளைகளில் பேட்டரியில் குறையே இருக்காது, அதன் முனையிலுள்ள பிடி தளர்ந்திருக்கும் அல்லது வெண்பச்சைப் பூஞ்சு பிடித்திருக்கும். பெரும்பாலான கார்களில் அதை இறுக்க 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். ஒரே ஒரு ஸ்பேனர்தான் எடுத்துச்செல்லலாம் என்று விதி இருந்தால் இதையே எடுத்துச்செல்ல வேண்டும். சில ஃபியூஸ்கள், ஒரு தீப்பெட்டியளவு இடத்தில், உடன் வரலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்ற நிறவரிசை உலகெங்கும் ஒன்றே. எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸையோ சிகரெட் உறையின் தாளையோ வைப்பது, மின்கம்பியையே ஃபியூஸாக மாற்றித் தீக்கு அழைப்பு விடுப்பதாகும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டு லிட்டர் தண்ணீரும், தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் நாடா ஒரு சுருளும் போதும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது என்பது அனைவரும் அறிந்ததாயினும் அதன் காரணம் நினைவில் நிற்பது நல்லது: மூடியிருக்கும் வரை அழுத்தத்தின் கீழ் 100 டிகிரியைத் தாண்டியும் திரவமாக இருக்கும் நீர், திறந்த கணமே ஆவியாக வெடித்து முகத்தில் பாயும், அதிலும் 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீரின் கொதிநிலையே ஏறத்தாழ 96 டிகிரிதான். அரை மணி நேரம் காத்திருப்பதே இங்கு கருவி.

எஞ்சியவை சில கைக்கருவிகள்: கட்டிங் பிளேயர் ஒன்று, முனை மாற்றக்கூடிய திருப்புளி ஒன்று, 8 முதல் 14 வரையிலான ஸ்பேனர்களில் நான்கு, மின்நாடா, பிளாஸ்டிக் கட்டுப்பட்டிகள் ஒரு பிடி, கட்டுக்கம்பி ஒரு முழம், கத்தி, கையுறை. கல்லில் அடிபட்டுத் தொங்கும் பம்பரையும் அடித்தட்டையும் கட்டி வைப்பதற்குக் கட்டுப்பட்டியும் கம்பியும் செய்யும் உதவி, 108 துண்டுகள் என்று விளம்பரப்படுத்தப்படும் பெட்டி சாக்கெட் தொகுப்பு செய்யாது. அந்தப் பெட்டியின் பெரும்பகுதி, சாலையோரத்தில் எவரும் கழற்றக்கூடாத போல்ட்டுகளுக்கு உரியது. 2013ஆம் ஆண்டுக்குப் பிந்தைய கார்களில் உள்ள ஓபிடி என்னும் பழுதறி இணைப்பில் செருகி, கைப்பேசியில் பழுதின் குறியெண்ணைக் காட்டும் சிறு கருவி மட்டும் விதிவிலக்காகச் சேர்க்கத்தக்கது, ஏனெனில் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் என்ஜின் விளக்கு, மெதுவாக ஓட்டிச் செல்லலாம் என்கிறதா, உடனே நிறுத்து என்கிறதா என்பதை ஓரளவு அது பிரித்துக் காட்டும். இழுவைக் கயிறு விவாதத்துக்குரியது: சேற்றிலிருந்து இழுக்க அது உதவும், ஆனால் என்ஜின் இறந்த வண்டியைக் கயிற்றில் கட்டி 70 வளைவுகளில் இறக்குவது, பிரேக் இல்லாத ஒன்றை முன்னால் போகிறவரின் முதுகில் தொங்கவிடுவதாகும். அங்கே மீட்பு வண்டியை அழைப்பதே முறை.

பார்க்கப்படுவதற்கான கருவிகள்

மலைச்சாலையில் நின்றுபோன வண்டிக்குப் பழுதைவிடப் பெரிய ஆபத்து பின்னால் வரும் வண்டி. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் ஐம்பது மீட்டரில் வைக்க வேண்டும் என்பது நேர்ச்சாலைக்கான அறிவுரை. கொண்டை ஊசி வளைவில் அந்த ஐம்பதாவது மீட்டர் ஒருவேளை கீழ்த்தளத்துச் சாலையில் இருக்கும். எனவே இங்கு அதை மீட்டரால் அளக்காமல் வளைவால் அளக்க வேண்டும்: வளைவுக்குள் நுழையும் ஓட்டுநர் திரும்பத் தொடங்குவதற்கு முன்பே அதைக் காண வேண்டும். இரண்டு பக்கமும் வண்டி வரும் குறுகிய சாலையில் முக்கோணமும் இரண்டாக இருப்பது நல்லது, மேலிருந்து இறங்குபவரும் ஏறுபவரும் தனித்தனியே எச்சரிக்கப்பட வேண்டியிருப்பதால். இரண்டு வண்டிகள் விலக இடமில்லாத மலைப்பாதையில் இறங்குபவரே நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஆடி 18ஐ ஒட்டிய வல்வில் ஓரி விழாவின்போது மலையில் திரளும் வாகனக் கூட்டத்தில் இந்த விதியை அறிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஒரே வளைவில் நின்று கண்டுகொள்ளலாம்.

தலையில் மாட்டும் டார்ச் விளக்கு, கைவிளக்கைவிட எவ்வகையிலும் மேலானது, நட்டைக் கழற்ற இரண்டு கைகளும் தேவை என்பதால். கைப்பேசி வெளிச்சத்தை நம்பினால் அதன் பேட்டரி அவசர அழைப்புக்கு மிஞ்சாது. வளைவுகளுக்கிடையே சிக்னல் வந்து வந்து போவதால், 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 ஆம்புலன்ஸுக்கோ மெக்கானிக்குக்கோ இருப்பிடத்தைச் சொல்ல, சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும் வளைவு எண்ணைக் குறித்துக்கொள்வது வரைபடச் செயலியைவிட நம்பகமானது. ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, முதலுதவிப் பெட்டி, மழைக்கோட்டு ஆகியவை டிக்கியில் அல்லாமல் இருக்கைக்கு அடியில் இருக்க வேண்டும், ஏனெனில் மழையில் முதலில் தேவைப்படுபவை அவைதான்.

ஸ்டெப்னியும் ஜாக்கியும் நீங்கலாக இவை அனைத்தும், காற்றடைப்பான் உட்பட, ஒரு பள்ளிப்பை அளவுள்ள துணிப்பையில் ஆறேழு கிலோவுக்குள் அடங்கிவிடும். இரும்புப் பெட்டி வேண்டாம். வளைவுக்கு வளைவு அது டிக்கியில் உருண்டு எழுப்பும் சத்தமே ஏதோ பழுது என்ற ஐயத்தைக் கிளப்பும். பையை மூட்டை முடிச்சுகளுக்கு அடியில் புதைக்காமல் ஓரமாகப் பட்டியால் கட்டி வைத்து, ஸ்டெப்னி அடித்தட்டில் இருக்கும் கார்களில் அதன் மேல் கடைசியாக ஏற்றக்கூடிய சாமான் எது என்பதையும் யோசித்து அடுக்க வேண்டும். மலையில் சக்கரம் மாற்றியவர், 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் அந்த நட்டுகளை ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்ப்பதும், திரி வைத்து அடைத்த டயரை நாமக்கல்லில் ஏதேனும் ஒரு டயர் கடையில் கழற்றி உட்புறமாக ஒட்டுப் போட்டுக்கொள்வதும், செலவான திரிகளுக்கு ஈடாக இன்னும் சிலவற்றை அங்கேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வதும் ஊர் திரும்பும் முன் செய்ய வேண்டியவை.